காஞ்சிபுரத்தில் தினம் ஒரு தகவல் சொல்வது எப்படி?

ஊரில் டாக்டர் இருப்பார், வக்கீல் இருப்பார், ஜோசியர் இருப்பார். ஆனால் காலையில் எழுந்ததும் ஒரு தகவலைத் தூக்கிப் போட ஆள் இல்லையென்றால் அந்த ஊருக்கு எப்படிப் பொழுது விடியும்? முன்பெல்லாம் இந்தப் பொறுப்பை வானொலி பார்த்துக்கொண்டது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொல்வார். ஒரு விஷயம், அதற்கு ஒரு கதை, கடைசியில் ஒரு சிரிப்பு. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் நுரையோடு நின்று கேட்டார்கள். 2009இல் அவர் மறைந்தார். அந்த நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கைபேசி வைத்திருக்கும் எல்லோரும் அதில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறோம்.

நீங்களும் உட்கார ஆசைப்படுகிறீர்கள். அதுவும் காஞ்சிபுரத்தில். நல்ல இடமாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறீர்கள். பல்லவர், சோழர், விஜயநகரத்தார், வெள்ளைக்காரர் என்று வந்தவர்களெல்லாம் இங்கே எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தெருமுனைக்குத் தெருமுனை சரக்கு கிடக்கிறது. அதில் கை வைக்காமல் தகவல் சொல்வதில்தான் உங்கள் சாமர்த்தியம் இருக்கிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சில விதிகள்.

தேவையானவை

ஒரு வாட்ஸ்அப் குழு, அல்லது டீக்கடை ஓரத்தில் ஒரு கரும்பலகை. கிழித்துப் போட்ட தினசரி காலண்டர் தாள்கள் ஒரு கட்டு. 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தொடக்கம். 'பெருமையோடு பகிருங்கள்' என்ற முடிவு. இரண்டுக்கும் நடுவில் தூவ ஆச்சரியக்குறி, தாராளமாக.

தேவைப்படாதவை: பஸ் டிக்கெட், மூக்குக் கண்ணாடி, நூலக உறுப்பினர் அட்டை.

விதி 1: 'உலகிலேயே முதன்முதலாக' என்று ஆரம்பியுங்கள்

காஞ்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை. உங்கள் பலகைக்கு இவ்வளவு போதும்: 'உலகின் முதல் தேர்தல் நடந்தது நம் மாவட்டத்தில்! உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தவன் தமிழன்!' எழுதிவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்த வரியைப் படிக்கிற ஆசை வரக்கூடாது. படித்தால் சிக்கல். அது பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. வாரியத்துக்கு வர வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். இத்தனையும் இருப்பவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஓட்டு எண்ணவில்லை, சீட்டுக் குலுக்கினார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அதே கல்லில் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி குடத்துப் பக்கமே வரக்கூடாது. அவன் மட்டுமல்ல. அவனுடைய சிற்றப்பன் பெரியப்பன் வகை, மாமன் வகை, அத்தை மகன், மருமகன், மாமனார் என்று உறவு முறையை வரிசையாக அடுக்கி, இவர்கள் ஒருவரும் வரக்கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். பதினோரு நூற்றாண்டுக்கு முன்பே 'அண்ணன் மாட்டினால் மச்சானை நிறுத்துவது' என்ற வழியைக் கல்லால் அடைத்துவிட்டார்கள். இதைப் பலகையில் எழுதினால் டீக்கடையில் பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். 'முதல் தேர்தல்' என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது. வலிக்காததே நல்ல தகவல்.

விதி 2: பெரிய பெயர் ஒன்றை மாட்டிவிடுங்கள்

பெயரில்லாத தகவல் அநாதை. அதற்கு உடனே ஒரு தகப்பனைத் தேடித் தர வேண்டும்.

'நகரங்களில் சிறந்தது காஞ்சி' என்று காளிதாசர் சொன்னார் என்பதை நம் ஊரில் எல்லோரும் எழுதியாயிற்று. கல்யாணப் பத்திரிகையிலும் வருகிறது, பட்டுக்கடைப் பையிலும் வருகிறது. எந்த நூலில் சொன்னார் என்பது மட்டும் எதிலும் வராது. பாரவி சொன்னதாக எழுதுகிறவர்களும் உண்டு. இருவரும் வந்து கேட்கப்போவதில்லை. தைரியமாக எழுதுங்கள்.

இரண்டாவது பெயர், போதிதர்மர். 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு அவர் காஞ்சியில் எந்தத் தெரு என்பது வரைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547 வாக்கில் யாங் சுவான்ஜி எழுதியது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. அடுத்து தான்லின் எழுதியது. அது தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் காஞ்சி இல்லை. நீங்கள் இதையெல்லாம் சொல்லி எதற்குக் கூட்டத்தைக் கலைக்கிறீர்கள்?

ஒரே ஒரு எச்சரிக்கை. போதிதர்மரைத் தேடப் போகிற வழியில் தர்மபாலர் எதிர்ப்படலாம். பிடி கொடுக்காதீர்கள். சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங் 640 வாக்கில் தமிழகப் பகுதியைப் பற்றி எழுதுகிறார்: சுமார் நூறு விகாரங்கள், பத்தாயிரம் துறவிகள், தலைநகரம் காஞ்சி, தர்மபாலர் பிறந்த ஊர் இது. அந்தத் தர்மபாலர் நாளந்தாவின் தலைவராக இருந்தவர். அவருடைய மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரிடம்தான் யுவான் சுவாங்கே போய்ப் படித்தார். ஆக, வந்தவருடைய வாத்தியாருக்கு வாத்தியார் நம் ஊர்க்காரர். எழுதியும் வைத்திருக்கிறார். ஆனால் தர்மபாலர் யாரையும் அடித்துப் போட்டதாகத் தகவல் இல்லை, சினிமாவும் வரவில்லை. ஆகவே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது பெயர், அறிஞர் அண்ணா. 'பிகாஸ்' என்ற சொல்லை மூன்று முறை அடுத்தடுத்து வைத்து அவர் ஆங்கிலத்தில் வாக்கியம் சொன்ன கதை தெரியாமல் தமிழ்நாட்டில் யாரும் பத்தாம் வகுப்பு முடிக்க முடியாது. ஒரு பதிவில் அது யேல் பல்கலைக்கழகத்தில் நடக்கும், இன்னொரு பதிவில் வேறு எங்கோ நடக்கும். இடம் மாறினாலும் கைத்தட்டல் மாறாது. அண்ணா 1968இல் சப் பெல்லோஷிப் பெற்று யேலுக்குப் போனது உண்மைதான். அந்த ஒரு ஆணியில் எத்தனை சட்டையை வேண்டுமானாலும் மாட்டலாம்.

இதே ஊரில் நெசவாளர் குடும்பத்தில் 1909 செப்டம்பர் 15 அன்று பிறந்தவர், 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் மாநிலத்தின் பெயரை மாற்றத் தீர்மானம் நிறைவேற்ற வைத்தார். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அவர் மறைந்தது பிப்ரவரி 3. தான் வைத்த பெயரில் அவர் வாழ்ந்தது இருபது நாள். இதைப் பலகையில் எழுதினால் படிக்கிறவர் டீயை ஆற விட்டுவிடுவார். கடைக்காரருக்கு நஷ்டம். 'பிகாஸ்' கதையே போதும்.

விதி 3: எண் எப்போதும் முழுசாக இருக்கட்டும்

ஆயிரம் கோயில். நூற்றுக்கால் மண்டபம். மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்து மாமரம். எல்லாமே பூஜ்யத்தில் முடிவதைக் கவனியுங்கள். பூஜ்யத்தில் முடியாத எண்ணை மக்கள் நம்பமாட்டார்கள். யாரோ எண்ணியிருப்பார் போலிருக்கிறதே என்று சந்தேகப்படுவார்கள்.

வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போனால் கல் சங்கிலியைப் பாருங்கள், குதிரை வீரர்களைப் பாருங்கள். தூணை மட்டும் எண்ணாதீர்கள். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என்று 96இல் நின்றுவிடும். மிச்சம் நாலைத் தேடிக்கொண்டு அர்ச்சகரிடம் போய் நிற்க வேண்டிவரும்.

கோயில்களையும் எண்ணக்கூடாது. எண்ண ஆரம்பித்தால் முதலில் எது ஒரு கோயில் என்று முடிவுகட்ட வேண்டும். உலகளந்த பெருமாள் கோயிலுக்குள் ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என்று நாலு திவ்ய தேசங்கள் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. கள்வனூர்ப் பெருமாள் காமாட்சியம்மன் கோயிலுக்குள் இருக்கிறார். நிலாத்திங்கள் துண்டத்தான் ஏகாம்பரநாதர் கோயிலுக்குள் இருக்கிறார். சைவம் வேறு, வைணவம் வேறு, பெரிய காஞ்சி வேறு, சின்ன காஞ்சி வேறு என்று நீங்கள் வகுத்து வைத்திருக்கிற கணக்கில் சிவன் கோயில் பிராகாரத்துப் பெருமாளை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? போதாததற்குத் திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோயில் ஒன்று, கூரை முழுக்க ஓவியத்தோடு காத்திருக்கிறது. 'ஆயிரம்' என்று சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பூஜ்யத்தில் முடிந்தும் உண்மையாக இருக்கிற எண் ஊரில் ஒன்று உண்டு. அது அத்திவரதர். 1979க்கு அப்புறம் 2019இல் குளத்திலிருந்து வெளியே வந்தார். சரியாக 40 வருஷம். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலம். இனி 2059. இந்தத் தகவலை இப்போது யாரும் போடுவதில்லை. ஊரே ஒன்றரை மாதம் வரிசையில் நின்று தெரிந்துகொண்டதை மறுபடி சொன்னால் தகவல்காரருக்கு மரியாதை என்ன இருக்கிறது?

விதி 4: பழமொழிக்கு 'உண்மையான பொருள்' கண்டுபிடியுங்கள்

செலவே இல்லாத வியாபாரம் இது. ஒரு பழமொழியை எடுங்கள். அது எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். 'நாம் இத்தனை நாளாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம்' என்று ஒரு அதட்டல் போடுங்கள். பிறகு நடுவில் ஒரு சொல்லைப் பிடித்து உடையுங்கள். 'ஆயிரம் பொய் சொல்லி' என்பது 'ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி' ஆனது இப்படித்தான். மண் குதிரை மண் குதிர் ஆனதும், கழுதை 'கழு தைக்க' என்று பாய் முடையப் போனதும் இந்தப் பட்டறையில்தான். பொய்யும் குதிரையும் கழுதையும் இருந்தபோது பழமொழியில் ஒரு குறும்பு இருந்தது. இப்போது அது நல்ல பிள்ளையாகக் கைகட்டி நிற்கிறது. பரவாயில்லை, ஒழுக்கம் முக்கியம்.

காஞ்சிக்கென்றே ஒரு பழமொழி இருக்கிறது: 'காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்.' சும்மா உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சாப்பிடலாம் என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தறியில் கால் மிதிப்பதைத்தான் சொல்கிறது என்பது உண்மையான பொருள் வகையறா. இந்த ஒரு விஷயத்தில் வகையறாவே ஜெயித்துவிடும் போலிருக்கிறது. குழித்தறியில் உட்கார்ந்தவர் குழிக்குள் காலை விட்டு மிதி பலகையை மாறி மாறி அழுத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பொருள் சரியா என்று தறிக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள். நாள் முழுக்க மிதித்தவரிடம் போய் 'காலாட்டிப் பிழைக்கிறீங்களாமே' என்று சொல்லிப் பாருங்கள். அவர் முழங்காலைத் தடவியபடி உங்களைப் பார்க்கிற பார்வையில் மூன்றாவது பொருள் ஒன்று கிடைக்கும். அதைக் குழுவில் போட முடியாது.

விதி 5: பட்டைப் பற்றிச் சொல்லும் நாளில் தறிப் பக்கம் போகாதீர்கள்

பட்டுக்கு ஊரில் நிலைத்துவிட்ட தகவல்கள் உண்டு. காஞ்சித் தண்ணீரில்தான் பட்டு பளபளக்கும். புடவையில் இருப்பது அத்தனையும் தங்கம். புடவை கிழிந்தாலும் கரை கிழியாது. இவற்றைச் சுழற்சி முறையில் போட்டு வந்தாலே ஒரு வருஷம் ஓடிவிடும்.

தப்பித்தவறி விடிகாலையில் பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்துவிட்டால் பிழைப்பு கெடும். அங்கே தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருப்பார்கள். இடுப்பு உயரத்தில், ஒரு பக்கத்துக் கட்டையிலிருந்து மறுபக்கத்துக் கட்டைவரை பட்டு இழைகள் இறுக்கமாக ஓடும். அரிசிக் கஞ்சியைத் தெளித்து, நீவி, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்துவிட்டுக்கொண்டே வீட்டு ஆட்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடப்பார்கள். எங்கோ ஒரு இழை அறுந்திருக்கும். உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் தெரியாது. அவர் விரல் அங்கே போய் நின்று, முனையைத் தேடிப் பிடித்து, முறுக்கி விட்டுவிட்டு நகர்ந்துவிடும். சைக்கிள்காரர்கள் சொல்லாமலே ஓரமாக ஒதுங்கிப் போவார்கள்.

நீங்கள் கையில் கைபேசியோடு நின்று கேட்பீர்கள்: "ண்ணா, ஒரு புடவைக்கு எத்தனை இழைங்க?"

"எண்ணி என்னா பண்ணப் போற தம்பி? வெயில மறைக்காத, அப்பால நில்லு. கஞ்சி காயணும்."

தகவல் சேகரிப்பு இத்துடன் முடிந்தது. ஆனால் அப்பால் போய் நின்றால்தான் வம்பு; பேச்சு காதில் விழும். இந்த ஒரு பாவில் மூன்று புடவை வரும். இழை கர்நாடகத்துப் பட்டு. ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வரும். ஊரிலேயே தமிழ்நாடு அரசின் ஜரிகை ஆலையும் இருக்கிறது. அந்த ஜரிகையின் நடுவில் ஒரு பட்டு இழை, அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதற்கும் மேல்தான் தங்க முலாம். தங்கம் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய புடவைக்குள் இரண்டு மூன்று மாநிலம் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதினால் 'பெருமையோடு பகிருங்கள்' என்பதை யார் பெருமையில் சேர்ப்பது?

வீட்டுக்குள் தறியில் கோர்வை ஓடிக்கொண்டிருக்கும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் நாடா மூன்று: கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. ஒவ்வொரு வரிசையிலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சேருமிடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். தறிக்காரர் ஒருவரால் ஆகாது; பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். வழக்கமாக அது வீட்டில் உள்ளவர்தான். உடல் முடிந்து முந்தி தொடங்குகிற இடத்தில் வேறு நிறப் பாவு வேண்டுமே? பழைய பாவோடு புதிய பாவை இழை இழையாக இணைக்க வேண்டும். அதற்குப் பேர் பேட்னி. புடவையை விரித்து முந்தி தொடங்குமிடத்தைத் தடவிப் பார்த்தால் விரலுக்கே தெரியும்.

கரை கிழியாததற்குக் காரணம் இந்தக் கோர்வை என்று எழுதலாம். எழுதினால், பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுகிறவருக்கு என்ன கூலி என்று யாராவது கேட்பார்கள். 2008இல் பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படமும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டது: மகளுக்கு ஒரு பட்டுப் புடவை கட்டிப் பார்க்க முடியாத நெசவாளியின் கதை. பிரகாஷ் ராஜுக்கு அதற்குத் தேசிய விருது கிடைத்தது. தண்ணீர்தான் காரணம் என்று எழுதிவிட்டால் தண்ணீர் கூலி கேட்காது.

விதி 6: எதிராளி செய்த நல்லதையும் நம்மவர் பட்ட பாட்டையும் சொல்லாதீர்கள்

கைலாசநாதர் கோயிலை ராஜசிம்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினான். சுற்று மதிலை ஒட்டி 58 சின்னச் சின்னக் கோயில்கள். அவற்றின் சுவரில் அவன் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன: அத்யந்தகாமன், ரணஜயன், ஸ்ரீபரன் என்று இருநூறுக்கு மேல். அதே பட்டங்கள் வெவ்வேறு எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. தன்னைப் பற்றிய தகவலை எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிய முதல் ஆள் அவன்தான். நம் குலதெய்வம். இதை மட்டும் தாராளமாகச் சொல்லலாம்.

அதே கோயிலின் மண்டபத் தூணில் இருக்கிற கன்னடக் கல்வெட்டைக் கண்டுகொள்ளாமல் வந்துவிடுங்கள். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பிடித்தவன் இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அள்ளிக்கொண்டு போகாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைத் தன் மொழியில் எழுதியும் வைத்தான். அவனுடைய ராணி லோகமகாதேவி பிறகு பட்டடக்கல்லில் ஒரு கோயில் கட்டினாள். இன்று அது விருபாட்சர் கோயில். இந்தக் கைலாசநாதரின் சாயல் அதில் இருக்கிறது. படையெடுத்து வந்தவன் கோயில் கட்டுகிற ஆசையோடு வீடு திரும்பினான் என்றால், நம் குழுவில் யாரைத் திட்டுவது?

நம்மவர் பட்ட பாடும் வேண்டாம். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்றுச் சுவரில் பல்லவர் கதை முழுக்கச் சிற்பமாக ஓடுகிறது. பல இடத்தில் கீழே குறிப்பும் உண்டு. பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் போனதும் காஞ்சிக்கு ராஜா தேடிப் பெரியவர்கள் புறப்பட்டார்கள். இரணியவர்மனுக்கு நான்கு பிள்ளைகள். மூன்று அண்ணன்களும் 'நான் போகமாட்டேன்' என்றார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி 'நான் போகிறேன்' என்றான். அவன்தான் நந்திவர்மப் பல்லவமல்லன். இந்தக் கோயிலைக் கட்டியவனும் அவனே. காஞ்சி சிம்மாசனத்தை மூன்று பேர் வேண்டாமென்று சொன்னது தெரிந்தால் ஊரின் மதிப்பு என்னாவது?

1780 செப்டம்பர் 10ஐயும் தொடாதீர்கள். காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் திப்பு சுல்தானின் படை, கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கியது. இன்னொரு கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு காஞ்சியிலேயே இருந்தார். உதவிக்குப் போய்ச் சேரவில்லை. சேதி வந்ததும் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் புறப்பட்டார். கம்பெனிப் படை தோற்ற கதையை மைசூர் அரண்மனைக்காரர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுவரோவியமாகத் தீட்டி வைத்தார்கள். குளம் நம்முடையது, ஓவியம் அவர்களுடையது. குளத்தைப் பற்றி எழுத எங்கேயோ இருக்கிற தகவல்காரர்கள் இருக்கிறார்கள். நாம் காளிதாசரைப் பார்ப்போம்.

விதி 7: பிடிபட்டால் என்ன செய்வது?

நடக்கும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவர் வந்து 'இது எங்கேயிருந்து எடுத்தது?' என்பார். பதறாதீர்கள். 'வந்ததை அப்படியே அனுப்பினேன் சார்' என்ற பதில் இதற்காகவே உண்டானது.

இதற்கு முன்மாதிரி வேண்டுமென்றால் அதுவும் காஞ்சியிலேயே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு கேலி நாடகம் எழுதினான். கதை நடப்பது இதே ஊரில். குடித்துவிட்டுத் திரிகிற ஒரு கபாலிகனும் அவன் துணைவியும் தங்கள் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். வழியில் வருகிற புத்த பிட்சுவைப் பிடித்து 'நீதான் எடுத்தாய்' என்கிறார்கள். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதன் வருகிறான். வாதம் வளர்கிறது, சாத்திரம் பறக்கிறது. கடைசியில் பைத்தியக்காரன் ஒருவன் அந்தப் பாத்திரத்தோடு வந்து நிற்கிறான். அது நாயிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது. எல்லோரும் பேசினார்கள், நாயைப் பார்த்தவன் ஒருவன்தான், அவனுக்கும் புத்தி சுவாதீனமில்லை. தன் தலைநகரத்துப் பேச்சைத் தானே இப்படிக் கிண்டல் செய்து எழுதிய ராஜா நமக்கு இருந்தான் என்பதை, இத்தனை காலமாக இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் பலகையில் போட்டதில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை.

கடைசி எச்சரிக்கை: 'அப்புறம்?'

இந்த ஏழு விதிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் உங்கள் தகவலைப் படித்தவர்கள் 'ஓ!' என்பார்கள்; கட்டைவிரல் படம் போடுவார்கள்; அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நல்ல தகவலுக்கு இலக்கணம் அதுதான். அது சொல்லி முடித்த இடத்திலேயே செத்துப்போக வேண்டும்.

விதியை மீறி எதையாவது போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினீர்களானால் வேறு மாதிரி ஆகும். படித்தவர் நகரமாட்டார். 'அப்புறம்?' என்று கேட்பார். சீட்டு எடுத்த சிறுவன் யார்? கணக்குக் காட்டாதவனை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பீரங்கியைத் தள்ளியது எந்தக் குளம்? நாடா தள்ளுகிறவருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்? இதற்கெல்லாம் காலண்டர் தாளில் பதில் இருக்காது. நீங்களே மறுபடி கிளம்ப வேண்டிவரும்.

பெரியவர்கள் பொதுவாக இப்படிக் கேட்பதில்லை. அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். கேட்பது ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். காலையில் பிரேயரில் 'இன்றைய பொது அறிவு' வாசிப்பதற்காக உங்கள் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ள வருவார்கள். வந்த இடத்தில் கேட்டுவிடுவார்கள். அப்படி ஒருத்தி கிடைத்தால் பதில் தெரிந்த மாதிரி நடிக்காதீர்கள். அவளையும் அவள் அப்பாவையும் உத்திரமேரூர் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். மாலையில் திரும்பி வந்து உங்கள் வேலையைக் கேட்பாள். கொடுத்துவிடுங்கள். சம்பளம் இல்லாத வேலைதானே.